வினாவும் தலைமையும்: கொடும்பாளூர் சார்ந்த மூன்று உரையாடல்கள்

முன்னுரை

கல்வியாளரையும் தொழில்முனைவோரையும் ஓரிடத்து இருத்தி, தலைமை என்பது யாது, இடர்ப்பட்டார் மீண்டெழுவது எங்ஙனம், பள்ளி இவற்றைக் கற்பிக்க வல்லதோ என்று உரையாடச் செய்யும் வழக்கம் இக்காலத்துப் பெருகியுள்ளது. அவ்வுரையாடல்கள் மேடைகளில் நிகழ்கின்றன, நூல்வடிவும் பெறுகின்றன. புதியதோர் எழுத்து வகையாக இவை வளர்ந்து வருதலின், திறனாய்வாளர் இவற்றைப் புறக்கணித்தல் பொருந்தாது. ஆயினும் இவற்றை மதிப்பிடுதற்குரிய அளவுகோலை நாம் வெளியே தேடிச் செல்ல வேண்டுவதில்லை. உரையாடல் வாயிலாகவே கல்வியையும் தலைமையையும் ஆராய்ந்த இடங்கள் தமிழில் உள. புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரையும் அதன் அயலையும் சார்ந்த மூன்று உரையாடல்களை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இரண்டு இலக்கியத்தன, ஒன்று அண்மைக்கால வரலாற்றது.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயது ஒரு வினா. சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை மாணவருடன் கொடும்பாளூர் சென்றிருந்தோம். மூவர் கோயிலில் எஞ்சி நிற்கும் இரு விமானங்களைக் கண்டபின், மரநிழலில் அமர்ந்து சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையைப் பாடஞ்சொன்னோம். முடிவில் வழக்கம்போல் மாணவரை வினவினோம். மதுரைக்கு வழிகள் எத்தனை? பொய்கைகள் யாவை? அவற்றின் பயன் என்ன? மாணவர் செவ்வனே விடையிறுத்தனர். அதன்பின் ஒரு மாணவி, "ஐயா, வழி கேட்டவன் கோவலன். மறுமொழி சொன்னவர் கவுந்தியடிகள். கோவலன் ஏன் ஒன்றும் பேசவில்லை?" என்றார். அன்று நம்மிடம் தக்க விடையில்லை. "அஃது அடக்கம்" என்று சொல்லி அமைந்தோம். அம்மாணவிக்கு அவ்விடை நிறைவளித்ததாகத் தோன்றவில்லை. நமக்கும் அளிக்கவில்லை. அவ்வினாவைத் தொடர்ந்து சென்றதன் பயனே இக்கட்டுரை.

அளவுகோல்

உரையாடல் என்பது வினாவும் விடையுமாக இயல்வது. வினா ஒரே தன்மைத்து அன்று என்பதைத் தமிழிலக்கணம் நன்கு உணர்ந்திருந்தது. பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் அறிந்த பொருளைப் பிறர் அறிவரோ எனச் சோதித்து வினவுவது அறிவினா. அறியாதான் அறிதற்கு வினவுவது அறியாவினா. இரண்டனுள் எதுவெனத் துணியமாட்டாது வினவுவது ஐயவினா. பெறுதற்பொருட்டு வினவுவது கொளல்வினா. கொடுத்தற்பொருட்டு வினவுவது கொடைவினா. ஒன்றைச் செய்யுமாறு தூண்டுதற்கு வினவுவது ஏவல்வினா. விடையையும் அவர் எட்டாகப் பகுத்தார். வினவியதற்கு எதிர்வினாவே விடையாதலும், தனக்கு நேர்ந்ததை உரைத்தலே விடையாதலும் அவ்வெட்டனுள் அடங்கும். மாணாக்கன் கற்கும் முறையைக் கூறுமிடத்தும், வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடுத்தலையும் கற்றலின் கூறுகளாகவே அந்நூல் கொள்கின்றது.

ஈண்டு மற்றொன்றும் நினைத்தற்குரியது. 'கேள்' என்னும் வினையடி செவிமடுத்தலையும் குறிக்கும், வினவுதலையும் குறிக்கும். திருக்குறளில் கல்வியதிகாரம் நாற்பதாவதாக நிற்க, அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளிக் கேள்வியதிகாரம் நிற்கின்றது. அங்குக் கேள்வியென்பது செவிவழிப் பெறும் அறிவு. இன்றைய வழக்கில் கேள்வியென்பது வினா. ஒரு சொல் இரு செயலையும் தாங்குதல் தற்செயலாயினும் ஆகுக. நம் ஆராய்ச்சிக்கு அது பொருத்தமான வாயில். கேட்டறிதல் எவ்வளவு காக்கும், கேட்டல் தவறினால் என்னாகும் என்பனவே நாம் தேடும் பொருள்.

கொடும்பை வழியில்

சிலப்பதிகாரத்தின் பதினோராம் காதையும் மதுரைக் காண்டத்தின் முதற் காதையுமாகிய காடுகாண் காதையில் கொடும்பை என வருவது இன்றைய கொடும்பாளூர் என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. விராலிமலையை அடுத்து, திருச்சிராப்பள்ளியினின்று மதுரை செல்லும் பெருவழியில் இவ்வூர் இன்றும் உள்ளது. உறையூரைக் கடந்து தென்திசை நோக்கிச் செல்லும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையோனைக் காண்கின்றனர். கோவலன் மதுரைக்குச் செல்லும் செவ்வழி யாதென வினவுகின்றான். கொடும்பைக் குளத்தின் கரையை அடைந்தால் வழி சிவபெருமான் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று மறையோன் விரித்துரைக்கின்றான்.

இவ்விடத்துக் கோவலன் யார் என்பதை மறத்தலாகாது. அவன் பெருவணிகன் மாசாத்துவான் மகன். முன்னோர் ஈட்டிய பொருளையெல்லாம் இழந்தவன். கண்ணகியின் சிலம்பையே முதலாகக் கொண்டு மதுரை சென்று இழந்ததை மீட்பேன் என்று எழுந்தவன். இன்றைய சொல்லில் கூறின், வீழ்ந்து மீண்டும் எழ முயலும் தொழில்முனைவோன். கவுந்தியடிகள் வழித்துணையாக வந்த ஆசிரியர். மறையோனோ தான் கண்ட உலகை ஆர்வத்தொடு சொல்லும் நல்லாசிரியன். எனவே, ஒரு தொழில்முனைவோனும் இரு கல்வியாளரும் நிகழ்த்திய உரையாடலாக இப்பகுதியைக் காண்டல் மிகையன்று.

மறையோன் கூறும் இடப்பக்கத்து வழியே நம் கருத்துக்கு இன்றியமையாதது. அது திருமால் குன்றம் வழியாகச் செல்வது. அங்கே ஒரு பிலமும், அதனுள் புண்ணியசரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகளும் உள்ளனவாம். முதற்பொய்கையில் ஆடினால் இந்திரன் செய்த விழுமிய நூலின் அறிவு வாய்க்கும். இரண்டாவதில் ஆடினால் பழம்பிறப்பு உணர்வு வரும். மூன்றாவதில் ஆடினால் நினைத்ததெல்லாம் கைகூடும். இலக்கணத்தை எழுத்தெண்ணிக் கற்ற நம்மனோர்க்கு முதற்பொய்கை நகையும் ஏக்கமும் ஒருங்கே தருவதாம். உழைப்பின்றி வரும் கல்வியும், முயற்சியின்றி வரும் பயனும் அக்காலத்தும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தன என்பது இதனாற் பெறப்படும். 'நும் வெற்றியின் மறைபொருள் யாது?' என்று இக்காலத்து உரையாடல்களில் வினவப்படும் வினா இட்டசித்திப் பொய்கைக்கு வழி கேட்பதேயன்றி வேறன்று.

ஆயின் அப்பொய்கைகளுக்கு வாயில் ஒன்று உண்டு. அவ்வாயிலில் வரோத்தமை என்பாள் தோன்றி வினவுகின்றாள். இம்மைக்கு இன்பமாவது யாது, மறுமைக்கு இன்பமாவது யாது, இவ்விரண்டுமின்றி என்றும் ஒருதன்மைத்தாய் நிற்பது யாது என்பன அவள் வினாக்கள். விடை கூறினார்க்குக் கதவு திறக்கும். கூறாதாரை அவள் துன்புறுத்துவதில்லை. அவர்தம் நெடுவழியிலேயே கொண்டுவிடுகின்றாள். தேர்வு நடத்துவோர் அனைவரும் எண்ணத்தக்க இடம் இது. தவறினார்க்கு ஒறுப்பு இல்லை. வழி மட்டும் அவர்க்குத் திரும்பக் கிடைக்கின்றது. மறையோன் சுவைபடக் கூறிய பொய்கைகளைக் காட்டிலும் இவ்வாயிலே இளங்கோவடிகள் படைத்த அரிய பொருள் என்பது நம் கருத்து.

கவுந்தியடிகள் இம்மூன்றனையும் மறுக்கின்றார். மறுக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மூன்று பொய்கைக்கும் மூன்று எதிர்வினாக்களே அவர் விடை. இந்திரன் நூற்பொருள் எம் மெய்ந்நூலில் இல்லையோ? முற்பிறப்பின் பயனை இப்பிறப்பில் காணவில்லையோ? வாய்மை பிறழாது உயிரோம்புவார்க்கு அடைதற்கு அரியதொன்று உண்டோ? பின்னர், நீ விரும்பும் தெய்வத்தைத் தொழ நீ செல்க, யாம் எம் வழிச் செல்வேம் என்று பிரிகின்றார். சமணத் துறவியின் கொள்கையுறுதியும், வேற்றுச் சமயத்தானைச் சினவாது வழியனுப்பும் பண்பும் இங்கு விளங்கும். சமயக் கருத்தை நீக்கிப் பார்ப்பினும், நீராடி வரும் அறிவு அறிவன்று, ஒழுகி வருவதே அறிவு என்னும் கல்விக்கொள்கை எஞ்சி நிற்கின்றது. வாதத்தில் வென்றவர் அடிகளே என்பதில் ஐயமில்லை.

சொல்லப்பட்ட இடரும் சொல்லப்படாத இடரும்

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். வழி கேட்டவன் கோவலன். பொருள் இழந்தவன் அவன். பொருள் வேண்டிச் செல்பவனும் அவன். இட்டசித்தி யாருக்கேனும் ஆசை காட்டுமாயின் அவனுக்கே காட்டும். அவன் அதனை வேண்டினானோ, வேண்டாவென்று துணிந்தானோ காப்பியம் சொல்லவில்லை. அவனுக்காக ஆசிரியர் விடையிறுத்துவிட்டார். வரோத்தமையின் வாயிலுக்கு அவன் செல்லவில்லை. ஆதலின் அவள் வினாக்கள் அவனிடம் வினவப்படவேயில்லை.

பெரியோர் உரையாடுமிடத்து இளையோன் வாய் வாளாதிருத்தல் பண்பே என்று கூறலாம். அடிகளும் ஈண்டுக் கோவலனைக் கொள்கையுடையான் என்றே சிறப்பிக்கின்றார். இம்மறுப்பு வலியுடையது. அதனை நாம் தள்ளவில்லை. கேட்டிருந்ததன் பயனை அடுத்த நிகழ்ச்சியே காட்டுகின்றது. வழிநடையில் நீர் வேட்டுப் பொய்கைக்கரை சென்ற கோவலன்முன் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து நின்று அழுது மயக்குகின்றது. அத்தகைய தெய்வம் அவ்வழியில் உண்டென மறையோன் முன்னரே உரைத்திருந்தான். அது நினைவுக்கு வரவே, கோவலன் மந்திரம் உரைத்து அதன் வஞ்சத்தை வெளிப்படுத்துகின்றான். செவியாற் பெற்ற அறிவு அவனைக் காத்தது.

ஆயின் அடுத்த வஞ்சகனைப் பற்றி அவனுக்கு எவரும் முன்னுரைக்கவில்லை. கொலைக்களக் காதையில் பொற்கொல்லனைக் கண்ட கோவலன், அரசிக்கு ஏற்ற சிலம்புக்கு விலைமதிக்க வல்லையோ என வினவுகின்றான். பொற்கொல்லன் பணிவே உருவாக விடையளிக்கின்றான். வசந்தமாலையின் வடிவைக் கண்டு இஃது உண்மையோ என ஐயுற்றவன், பொற்கொல்லனின் பணிவைக் கண்டு அங்ஙனம் ஐயுறவில்லை. காட்டில் ஐயவினா அவன் உள்ளத்தில் எழுந்தது. எழுவதற்கு மறையோன் சொல் துணைநின்றது. நகரில் அத்துணை இல்லை; ஆதலின் வினாவும் எழவில்லை.

இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து நோக்கின் ஒரு கல்வியுண்மை புலனாகும். கேட்டறிந்த கல்வி, ஆசிரியர் முன்னறிந்து சொல்லிய இடரினின்று மாணவனைக் காக்கும். ஆசிரியர் அறியாத இடரினின்று காப்பது, தானே வினவப் பழகிய உள்ளம் ஒன்றே. மீண்டெழும் ஆற்றல் என்று இக்காலத்தார் கூறுவதன் வேர் இங்கேதான் உள்ளது. இடுக்கணழியாமையை வள்ளுவர் அறுபத்துமூன்றாம் அதிகாரமாக வைத்து, ஆள்வினையுடைமையை அதற்கு முன்னர் வைத்தார். இடுக்கணில் அழியாதிருத்தல் வெறும் பொறுமையன்று, செயலோடு இயைந்தது என்பது அவ்வைப்புமுறையால் விளங்கும். கோவலனிடம் பொறுமையும் இருந்தது, முயற்சியும் இருந்தது. புதிய இடத்துப் புதிய மனிதனைக் கண்டு 'இவன் யார்?' என்று தன்னையே வினவிக்கொள்ளும் பயிற்சி இல்லை. அப்பயிற்சிக்கு இடமாயிருந்திருக்கக் கூடியது கொடும்பை வழி. ஆசிரியரின் அன்பே அவ்விடத்தை நிரப்பிவிட்டது.

கவுந்தியடிகளைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஊர்காண் காதையில் கோவலன் தன் பிழையை எண்ணி வருந்தியபோது இராமன் கதையும் நளன் கதையும் கூறித் தேற்றியவர் அவர். கோவலன் இறந்த செய்தி கேட்டு உண்ணாநோன்பால் உயிர்நீத்தவரும் அவர். மாணவர்க்கு நேர்ந்ததைத் தமக்கு நேர்ந்ததாகக் கொண்ட ஆசிரியர் அவரினும் பெரியார் இலர். அத்தகையாரும் மாணவனுக்காகத் தாமே விடையிறுத்துவிடுவர் என்பதே நாம் கற்க வேண்டுவது.

இவையெல்லாம் ஊழின் செயல் என்று காப்பியமே கூறுகின்றதே எனலாம். உண்மை. ஊழ்வினை வந்து ஊட்டும் என்பது காப்பியத்தின் மூன்று கருத்துகளுள் ஒன்று. எனினும் அரசியலில் பிழைத்தார்க்கு அறம் கூற்றாகும் என்பதும் அம்மூன்றனுள் ஒன்றே. ஊழ் என்று கூறி எல்லாரையும் விடுவிப்பது அடிகள் கருத்தாயின், பாண்டியன்மேல் குற்றஞ் சாரவே சாராது. சார்கின்றது. அக்குற்றம் யாது என்பதையே இனிக் காண்போம்.

இரு மன்னர், இரு கள்வர்

பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட நெடுஞ்செழியன், சிலம்பு அவன் கையகத்து இருக்குமாயின் அவனைக் கொன்று சிலம்பைக் கொணர்க என்றான். குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு சொல் வினவவில்லை. கண்ணகி அரசவைக்கு வந்தபின்னரே அவன் 'நீ யார்?' என வினவுகின்றான். வினா பிறந்தது; ஆயின் காலங்கடந்து பிறந்தது. தேர்ந்து ஆராயாத அரசன் என்பதே கண்ணகி அவன்மேற் சுமத்தும் குற்றம். ஆராயாமையை அறிந்த அப்பொழுதே அவன் உயிர் நீங்கியது. கற்றுக்கொண்டான் என்பது அவன் பெருமை. கற்ற விலை மிகப் பெரிது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி கொடும்பாளூரிலேயே நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகின்றது. கோனாட்டுக் கொடும்பாளூரிலிருந்து ஆண்ட வேளிர் குலத்து இடங்கழி நாயனாரின் வரலாறு அது. சுந்தரர் தொகையில் பெயர்பெற்ற இவ்வடியாரின் செய்தியைச் சேக்கிழார் சில பாடல்களிலேயே முடித்துவிடுகின்றார். ஆதலின் ஆராய்ச்சியாளரின் கருத்தை இப்பகுதி மிகுதியும் ஈர்க்கவில்லை. அடியார்க்கு அமுது படைக்கும் நியமமுடையார் ஒருவர், கைப்பொருள் முழுதும் தீர்ந்த நிலையில், இரவில் அரசனது நெற்பண்டாரத்துட் புகுந்து நெல்லை முகக்கின்றார். காவலர் பற்றிக்கொண்டு அரசன்முன் நிறுத்துகின்றனர். ஐயத்துக்கு இடமில்லை, கையும் களவுமாக அகப்பட்டவர். கோவலனோ திருடாதவன், இவரோ உண்மையில் திருடியவர். வினவாமலே ஒறுத்திருப்பினும் அக்கால முறைப்படி எவரும் குறைகூறார்.

இடங்கழியார் வினவுகின்றார்: எம் பண்டாரத்தை நீ கவர்ந்தது எதன்பொருட்டு? நன்னூலார் வகையில் இஃது எவ்வினா? அதிகாரமுடையார் குற்றவாளியிடம் வினவுவன பெரும்பாலும் அறிவினாவாகவோ ஏவல்வினாவாகவோ இருக்கும். விடை முன்னரே அறியப்பட்டிருக்கும். ஒப்புக்கொள்ளச் செய்தலே நோக்கமாயிருக்கும். இடங்கழியார் வினாவோ அறியாவினா. உண்மையிலேயே அவர் அறியார், அறிய விரும்புகின்றார். அடியார் தமக்கு நேர்ந்ததைக் கூறுகின்றார். அஃது உற்றது உரைத்தலாகிய விடை. இவ்விரண்டும் சேர்ந்தவிடத்துத்தான் உரையாடல் பிறக்கின்றது.

விடையைக் கேட்டபின் அரசர் செய்தனவும் வரிசையாக நோக்கற்பாலன. அவரே எனக்குப் பண்டாரம் என்று இரங்கி விடுவித்தார். அதனோடு நிற்பின் அது தனிமனித இரக்கம். நெற்கூட்டையும் நிதியையும் அடியார் வந்து கொள்க என ஊரெங்கும் பறையறைவித்தார். ஒருவர்க்குக் காட்டிய இரக்கத்தை அவர்போன்றார் அனைவர்க்கும் உரிய முறையாக மாற்றினார். தம் ஆட்சியில் நல்லவர் ஒருவர் திருடவேண்டி வந்ததே, அதற்குக் காரணம் யாது என்று எண்ணியவராதல் வேண்டும். விடை வினவியவரை மாற்றிற்று. நாம் தலைமை என்பது இதனையே. ஆணையிடுதலும் அஞ்சாமையும் தலைமைக்கு வேண்டுவனவாகலாம். ஆயினும் எளியார் கூறும் விடையால் தம் முறையை மாற்றிக்கொள்ளும் வலியே தலைமையின் உயிர்.

திறனாய்வு நடுநிலை பிறழாதிருத்தல் வேண்டும். இடங்கழியார் திறந்த பண்டாரம் அடியார்க்கே திறந்தது. பசித்தார் அனைவர்க்கும் திறந்ததாகப் புராணம் கூறவில்லை. அது பக்தி நூலின் எல்லை. அந்நெல்லை விளைத்தார் யாவர், அவர் கருத்து யாது என்பது அவ்வுரையாடலில் இடம்பெறவில்லை.

பதினோர் ஊரும் ஐம்பதின்மரும்

இக்குறை கொடும்பாளூர்க் கல்வெட்டிலும் தோன்றுகின்றது. மூவர் கோயிலைப் பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் மன்னன் தன் பெயராலும் கற்றளி, வரகுணா என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்தான். அவன் காலத்தை 10-ஆம் நூற்றாண்டு என்பார் பலர்; அதனினும் முற்பட்டது என்பாரும் உளர். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, மதுரையைச் சார்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக ஆசிரியர்க்கு அவன் பெருமடம் ஒன்று அளித்ததையும், ஐம்பது துறவியர் உண்ணப் பதினோர் ஊர்களை வழங்கியதையும் கூறுகின்றது.

கல்வி வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. ஆசிரியர், மாணாக்கர், உறையுள், உணவு, நிலையான வருவாய் என்னும் ஐந்தும் ஒருங்கமைந்த ஏற்பாடு இது. கல்விக்கு உணவே அடிப்படை என்பதை அம்மன்னன் உணர்ந்திருந்தான். கொடுத்தவன் பெயரும் கல்லில் உள்ளது. பெற்றவர் பெயரும் உள்ளது. பதினோர் ஊரில் உழுதார் குரல் மட்டும் அதில் இல்லை. கல்வெட்டின் நோக்கம் அதுவன்று என்பதை அறிவோம். எனினும் உழுதாரும் கல்லுடைத்தாரும் வினவத் தொடங்கிய உரையாடல் ஒன்று பன்னூறாண்டுகட்குப் பின் அதே நிலப்பரப்பில் நிகழ்ந்தது. அதனை நினையாமல் இவ்வாராய்ச்சி நிறைவுறாது.

பட்டா என்னும் சொல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1991-இல் தொடங்கியது. அப்பொழுது மாவட்ட ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர்தோறும் தொண்டர்கள் மாலைநேரங்களில் முதியோர்க்கு எழுத்தறிவித்தனர். கற்றாருட் பெரும்பாலார் மகளிர். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரையரின் கொள்கை இவ்வியக்கத்தார்க்கு வழிகாட்டிகளுள் ஒன்று. கற்பார் உள்ளத்தை வெற்றுக் கலமாகக் கருதி அதில் அறிவை இட்டு வைக்கும் முறையை அவர் கடிந்தார். ஆசிரியரும் மாணவரும் தம் வாழ்வைப் பற்றி உரையாடுதலே கல்வி என்றார். புண்ணியசரவணத்தில் ஆடி நூலறிவு பெறுதலைக் கவுந்தியடிகள் மறுத்ததற்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை.

இவ்வியக்கத்தின் தொடக்கப் பாடங்களில் இடம்பெற்ற சொற்களுள் ஒன்று 'பட்டா'. அரிச்சுவடியில் அணிலும் ஆடும் கண்டு பழகிய நமக்கு இஃது புதுமையாகத் தோன்றலாம். நிலமின்றி உழைப்பார்க்குப் பட்டா வெறுஞ் சொல்லன்று. அதன் எழுத்தைக் கூட்டும்போதே 'எம் பெயரில் உண்டோ?' என்னும் வினா உடன் எழும். பவணந்தியார் வகுத்த கொளல்வினா இதுவே. பெறுதற்குரியதைப் பெற வினவுவது. இம்மாவட்டத்தில் தங்கி இவ்வியக்கத்தை ஆராய்ந்து 2013-இல் நூல் வெளியிட்ட மானிடவியலறிஞர் பிரான்சிஸ் கோடி, கைந்நாட்டு வைத்து வந்த மகளிர் தம் பெயரைத் தாமே எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் மனு அளித்ததைச் சிறப்பாக எடுத்து ஆராய்ந்துள்ளார். இடங்கழியாரின் காலத்து நல்லவர் இரவில் பண்டாரத்துட் புக வேண்டியிருந்தது. இம்மகளிர் பகலில் கையொப்பத்துடன் வாயிலில் நின்றனர். இடையே நிகழ்ந்த மாற்றமே கல்வி.

இதழாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியிட்ட நூலில் இம்மாவட்டத்து மகளிர் மிதிவண்டி கற்றமை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. கற்றவர் தொகை ஓரிலக்கத்துக்கும் மேல் என்கிறார் அவர். 1992-ஆம் ஆண்டு உலக மகளிர் நாளையொட்டி 1,500-க்கு மேற்பட்ட மகளிர் புதுக்கோட்டையில் மிதிவண்டி ஓட்டிச் சென்றனர். எழுத்தறிவுக்கும் மிதிவண்டிக்கும் தொடர்பு யாது என வினவுவார் உளர். கற்பார் தாம் செல்லும் வழியைத் தாமே தேர்தல் என்பதே தொடர்பு. கொடும்பையில் மூன்று வழிகளைப் பிறர் உரைக்கக் கேட்டு நின்ற பயணியரின் நிலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

இம்மாவட்டத்துக் கல்லுடைக்கும் மகளிர் குழுக்களாக இணைந்து கல்குவாரிகளை அரசிடம் நேரே குத்தகைக்கு எடுத்ததும் இக்காலத்தில்தான். கூலி பெற்று வந்தார் கணக்கெழுதவும் விலை பேசவும் கற்றனர். ஆசிரியரும் தொழில்முனைவோரும் என இருவேறு வகுப்பினராக நாம் பிரித்துப் பேசும் பிரிவு அவர்களிடம் இல்லை. மாலையில் கற்றவரே காலையில் தொழில் நடத்தினர். கோவலன் ஒரு சிலம்பை முதலாகக் கொண்டு தனியனாய்ச் சென்றான். இவர்க்குத் தம் உழைப்பும் கூட்டுறவும் முதலாயின. இம்முயற்சிகள் யாண்டும் நிலைபெற்றன என்று கூறுதல் உண்மையாகாது. பழைய குத்தகையாரின் எதிர்ப்பு வலுத்தது, ஆட்சியாளர் மாறினர், பலவிடத்து மகளிர் பெற்ற உரிமை தளர்ந்தது. ஒரு நல்ல தலைவர் வினவியதால் பிறந்த முறை, அவர் நீங்கியபின் நிற்பதற்கு வேறொரு வலி வேண்டும். அவ்வலி கற்றாரின் வினவும் பழக்கத்தினின்றே வரும். உரிமை தளர்ந்த இடத்தும், மனு எழுதத் தெரிந்த கை மீண்டும் கைந்நாட்டுக்குத் திரும்புவதில்லை.

முடிவுரை

மூன்று உரையாடல்களையும் தொகுத்து நோக்குவோம். கொடும்பை வழியில் ஆசிரியர் வென்றார், மாணவன் வினவவில்லை. கொடும்பாளூர் அவையில் தலைவர் அறியாவினா வினவினார், எளியவர் உற்றது உரைத்தார், முறை மாறியது. புதுக்கோட்டை ஊர்களில் எளியவரே கொளல்வினாவுடன் எழுந்தனர். தலைமைக்கு அளவு, மேலோர் கீழோரை உண்மையாக வினவுதலும், கீழோர் மேலோரை அஞ்சாது வினவுதலும் ஆகிய இரண்டே. இவற்றுள் ஒன்று இல்லாதவிடத்து மற்றொன்று நெடுநாள் நில்லாது.

தலைமை பற்றிய இக்காலத்து உரையாடல் நூல்களையும் இவ்வளவுகோல்கொண்டு மதிப்பிடலாம். வினவுவார் விடையை முன்னரே அறிந்து வினவுகின்றனரோ, அன்றி அறியாது வினவுகின்றனரோ? விடையளிப்பார் தமக்கு உற்றதை உரைக்கின்றனரோ, பொய்கையின் பெருமையை உரைக்கின்றனரோ? அவ்வுரையாடலின் முடிவில் எவரேனும் தம் முறையை மாற்றிக்கொண்டனரோ? இம்மூன்று வினாக்கட்கும் இடந்தாராத நூல் எத்துணை அழகாக அச்சேறினும் இட்டசித்திப் பொய்கையின் வருணனையாகவே முடியும்.

இவ்வளவுகோல் நம்மையும் விடாது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் நாம் வினவுவன பெரும்பாலும் அறிவினாக்களே. வினாத்தாளில் அவையே; வாய்மொழித் தேர்விலும் அவையே. விடை நம் கையிலிருக்க, மாணவர் கையில் அஃது உண்டோ என்று சோதிக்கின்றோம். அறிவினா வேண்டாவென்பது நம் கருத்தன்று; வரோத்தமையும் அதனையே வினவினாள். அவள் தவறினாரைத் துன்புறுத்தவில்லை என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். நமக்கே விடை தெரியாத ஒரு வினாவையேனும் ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்முன் வைத்து, அவர் கூறும் விடையால் நம் பாடத்தை மாற்றிக்கொள்ள முடியுமாயின், அவ்வகுப்பறை இடங்கழியாரின் அவைக்கு அணித்தாகும்.

'கோவலன் ஏன் பேசவில்லை?' என்ற மாணவிக்கு 'அஃது அடக்கம்' என்று அன்று விடையிறுத்தோம். கோவலனிடம் அது கேட்கப்படவில்லை, ஆதலின் பேசவில்லை என்பது இன்று நாம் கூறும் விடை. அன்று அம்மாணவியிடமும் நாம் ஒன்று கேட்டிருத்தல் வேண்டும்: 'நீர் என்ன கருதுகின்றீர்?' கேளாது விட்டோம். அக்குறையை இக்கட்டுரை முழுதும் தீர்த்துவிட்டதாகக் கருதவில்லை. இதனைப் படிக்கும் ஆய்வு மாணவர் தம் கருத்தைக் கூறுவாராயின், நம் கருத்தை மாற்றிக்கொள்ள அணியமாயிருக்கின்றோம்.